பெட்டிக்குள் பெட்டி

"காலிப் பெட்டி கிடைத்தால் பெண்கள் எறியமாட்டார்கள்" என்பது ஆண்கள் நம்மீது வெகு காலமாகச் சுமத்தி வரும் குற்றம். பரணில் ஏறிப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கத்தான் இருக்கிறது. தகரப் பெட்டிக்குள் பிஸ்கட் டின்; டின்னுக்குள் குங்குமச் சிமிழ்; சிமிழைத் திறந்தால், என்றோ காணாமற்போன மூக்குத்தியின் திருகாணி!

ஆனால், சகோதரிகளே, இந்தக் குற்றச்சாட்டை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க இப்போது நமக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. வீட்டிலுள்ள கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். 'பேக்கப்' என்று ஒரு போல்டர் இருக்கும். அதைத் திறந்தால் 'பழைய கம்ப்யூட்டர்'. அதற்குள் 'டெஸ்க்டாப்'. அதற்குள் 'நியூ போல்டர்'. அதற்குள் 'நியூ போல்டர் (2)'. எல்லாவற்றுக்கும் அடியில், குழந்தைக்குக் காது குத்தியபோது எடுத்த ஒரே ஒரு போட்டோ! பரணையாவது வருஷத்துக்கு ஒரு முறை போகிக்கு ஒழிக்கிறோம். இந்தப் பரணை யார் ஒழிப்பது?

போல்டர் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெட்டி. பைல் என்பது அந்தப் பெட்டிக்குள் வைக்கும் பண்டம். ஒரு போட்டோ ஒரு பைல். ஒரு கடிதம் ஒரு பைல். இவ்வளவு தெரிந்தவர்கள் தைரியமாக மேலே படிக்கலாம்.

ஒரு கடிதம்

சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் கணவர் காலமாகி ஒரு வருஷம் முடிந்தது. குடும்பப் போட்டோக்களையும், வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் காகிதம் இவைகளின் நகல்களையும் அவர்தான் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தார். இப்போது ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் ஏழெட்டுப் பெட்டிகளைத் திறக்க வேண்டியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் பையன், 'எல்லாவற்றையும் வெளியே இழுத்து ஒரே போல்டரில் கொட்டிவிடு, அம்மா. காலிப் பெட்டிகளை அழித்துவிடு' என்று டெலிபோனில் சொல்கிறான். செய்ய உட்கார்ந்தேன். ஒரு போல்டருக்கு அவர் 'ராமேசுவரம், அம்மாவின் கடைசி யாத்திரை' என்று பெயர் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கை வரவில்லை. பையன் சொன்னபடி செய்யலாமா, கூடாதா?"

பையன் சொன்னது பாதி சரி, அம்மா. ஆனால் உங்களுக்குக் கை வராமற்போனது முழுக்க முழுக்கச் சரி. ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டி எப்படிப் பெருகிற்று?

பெட்டிக்குள் பெட்டி வைக்கும் யோசனை கம்ப்யூட்டருக்குப் பழசு. 1965-ல் டேலி, நியூமன் என்ற இரண்டு நிபுணர்கள் 'மல்டிக்ஸ்' என்ற அமெரிக்கத் திட்டத்துக்காக எழுதிய கட்டுரையில், ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளை பிரியும் பைல் அடுக்கைத் தெளிவாக விவரித்தார்கள். ஆயினும் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்களுக்கு இந்த வசதி உடனே கிட்டவில்லை. 1981-ல் ஐ.பி.எம். பி.சி.யுடன் வந்த டாஸில் உள் பெட்டி என்பதே கிடையாது. பிளாப்பித் தட்டில் இருக்கும் பைல்கள் எல்லாம் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும். 1983-ல் 10 மெகாபைட் கொள்ளும் ஹார்டு டிஸ்க்குடன் பி.சி. எக்ஸ்.டி. வந்தது. அதோடு வந்த டாஸ் 2.0-ல்தான் அறை தடுக்கும் வசதி ஏற்பட்டது. 10 மெகாபைட் என்றால் இன்றைய டெலிபோனில் எடுக்கும் போட்டோ இரண்டு மூன்று கொள்ளும், அவ்வளவுதான். அதற்கே அறை தடுக்க வேண்டியிருந்தது!

1984-ல் வந்த மாக்கின்டாஷின் கதை வேடிக்கை. திரையில் போல்டர் படம் அழகாகத் தெரியும். உள்ளே நிஜமாகப் பெட்டி ஏதும் இல்லை. பைல்கள் எல்லாம் ஒரே வரிசையில்தான் கிடந்தன. நாடகத்தில் வரும் அரண்மனையைப் போல வெறும் படுதா. அடுத்த வருஷந்தான் நிஜமான பெட்டி வந்தது.

ஆகவே அடுக்கு என்பது ஒழுங்குக்காகப் பிறந்தது. நம் வீட்டில் அது பெருகியதோ அவசரத்தினால். கம்ப்யூட்டர் பழுதாகும்போதெல்லாம் ரிப்பேர்க்காரர் பழைய சாமான் முழுவதையும் ஒரு பெட்டியில் போட்டுப் புதியதில் இறக்கி வைக்கிறார். அடுத்த தடவை அந்தப் பெட்டியோடு சேர்த்து இன்னொரு பெட்டியில் போடுகிறார். மூன்று கம்ப்யூட்டர் மாறினால் மூன்று சுற்று உறை. 'ஜிப்' பொட்டலத்தைப் பிரித்தாலும் இதே கதைதான். விண்டோஸ் பொட்டலத்தின் பெயரில் ஒரு போல்டர் போட்டுப் பிரிக்கும்; உள்ளே அதே பெயரில் மற்றொரு போல்டர் உட்கார்ந்திருக்கும். கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்கிக்கொண்டால் 'டேக்அவுட்', அதற்குள் 'கூகுள் போட்டோஸ்', அதற்குள் வருஷ வாரியாகப் பெட்டிகள்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்றுதான். ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் வாசித்து, 'இந்தப் பெயர் எனக்கு ஏதாவது சொல்லுகிறதா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'நியூ போல்டர் (2)' ஒன்றும் சொல்லவில்லை. 'டெஸ்க்டாப் காப்பி'யும் சொல்லவில்லை. இவை வெறும் உறை. பிரித்து உள்ளே இருப்பதை வெளியே எடுக்கலாம்.

'ராமேசுவரம், அம்மாவின் கடைசி யாத்திரை' சொல்லுகிறது. அங்கே பைல்களைப் பிடுங்கக் கூடாது. பெட்டியோடு அப்படியே தூக்கி மேலே கொண்டுவந்து வைக்க வேண்டும். இடையிலுள்ள ஐந்து உறைகள் போகட்டும். அடியிலுள்ள அந்தப் பெட்டி இருக்கட்டும். பையன் சொன்னதில் விட்டுப்போன பாதி இதுதான்.

"போட்டோவுக்குள்ளேயே தேதி இருக்குமே?" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். காமிராவில் எடுத்த போட்டோவில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் வாட்ஸப்பில் வந்த படத்தில் உள்ளே குறித்த தேதி உதிர்ந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு டெலிபோனில் அதன் பெயரிலே ஒட்டிக்கொண்டிருக்கும் 20190314 போன்ற எட்டு இலக்கந்தான் தேதிக்கு ஆதாரம். அதுவும் படம் வந்து சேர்ந்த தேதி. பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கான் செய்த படத்திலோ, ஸ்கான் செய்த நாள்தான் இருக்குமே ஒழிய மாமியார் ராமேசுவரம் போன நாள் இராது. எந்த விசேஷம், படத்தில் இருக்கும் பாட்டி யார் என்பதை எந்த இயந்திரமும் உள்ளே எழுதி வைக்கவில்லை. பெட்டியின் பெயர் ஒன்றே சாட்சி. சாட்சியை அழித்துவிட்டுப் பிறகு யாரிடம் விசாரிப்பது?

தொடங்குமுன் இரண்டு காரியம்

முதலாவது, எல்லாவற்றையும் அப்படியே இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இதைச் செய்யாமல் மௌஸைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, எண்ணுங்கள். பாத்திரம் தேய்க்கப் போடும்போது எண்ணிப் போட்டு எண்ணி எடுப்பது நமக்குத் தெரியாததா? பெரிய போல்டரின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ப்ராபர்டீஸ்' என்பதைத் தட்டினால் உள்ளே, உள்ளுக்குள் உள்ளே, எத்தனை பைல்கள், எத்தனை போல்டர்கள் என்ற மொத்தக் கணக்கை விண்டோஸ் சொல்லிவிடும். உதாரணமாக 4,312 பைல்கள், 286 போல்டர்கள் என்று இருந்தால், பைல் கணக்கை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு புது இடத்தில் இருப்பதும் பழைய இடத்தில் மிஞ்சியதும் சேர்ந்து 4,312 வரவேண்டும். போல்டர் கணக்கு எவ்வளவு குறைந்தாலும் கவலையில்லை; பைல் கணக்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது.

வெளியே எடுக்கும் முறை

புதிதாக ஒரு போல்டர் திறந்து 'குடும்பம்' என்று பெயரிடுங்கள். அது பழைய பெரிய பெட்டிக்குள் இல்லாமல் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் பெயருள்ள பெட்டிகள். உறைகளைத் திறந்துகொண்டே போய், அர்த்தமுள்ள பெயர் தெரிந்த இடத்தில் அந்தப் பெட்டியைத் தொட்டு கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்துங்கள். 'குடும்பம்' போல்டருக்கு வந்து கன்ட்ரோலும் வியும் அழுத்துங்கள். பெட்டி மேலே வந்துவிடும். நாளைக்குப் பத்துப் பெட்டி என்று வைத்துக்கொண்டால் பிற்பகல் காப்பிக்கு முன்பாக முடித்துவிடலாம்.

அதன் பிறகு பெயரற்ற உறைகளில் சிதறிக் கிடப்பவை. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியதில்லை. பழைய பெரிய போல்டரைத் திறந்து, மேலே வலப்புறத்திலுள்ள தேடும் கட்டத்தில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி (*) இட்டு என்டரைத் தட்டுங்கள். 'எதுவாயிருந்தாலும் காட்டு' என்று அதற்கு அர்த்தம். எத்தனை அடுக்குக்குள் ஒளிந்திருந்தாலும் எல்லாப் பைல்களும் ஒரே பட்டியலாக வந்து நிற்கும். பட்டியல் வளர்ந்து முடியும் வரையில் பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் பாதிதான் கைக்கு வரும்.

இந்தப் பட்டியலில் போல்டர்களும் கலந்து நிற்கும். அவற்றையும் சேர்த்துப் பிடித்தால் பெட்டியும் வரும், பெட்டிக்குள் இருந்ததும் தனியே வரும், குழப்பமாகிவிடும். 'வியூ' என்பதில் 'டீடெயில்ஸ்' வைத்து, 'டைப்' என்ற தலைப்பைத் தட்டினால் ஜாதி வாரியாகப் பிரிந்து நிற்கும். போட்டோக்கள் ஒரு கூட்டம், பி.டி.எப். காகிதங்கள் ஒரு கூட்டம், போல்டர்கள் ஒரு கூட்டம். கூட்டத்தின் முதல் பைலைத் தொட்டு, ஷிப்ட் பொத்தானை அழுத்தியபடி கடைசிப் பைலைத் தொட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் பிடிபடும். பிறகு பழையபடி எக்ஸ், வி. போட்டோக்களை 'சில்லறைப் படங்கள்' என்றும், காகிதங்களை 'பத்திரங்கள்' என்றும் இரண்டு போல்டர்களில் சேர்த்துவிடுங்கள். ஏதாவது தவறாகிவிட்டதென்று தோன்றினால், வேறு வேலை செய்யுமுன் கன்ட்ரோலும் இஸட்டும் அழுத்துங்கள். போனது திரும்பி வரும்.

ஒரே டிஸ்க்குக்குள் பைலை நகர்த்தினால் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. வேறு டிஸ்க்குக்கு என்றால் மணிக் கணக்காகிறது. காரணம், ஒரே டிஸ்க்குக்குள் பண்டம் அசைவதே இல்லை. பண்டம் எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாறுகிறது. வேறு டிஸ்க் என்றால் வண்டி பிடித்துச் சாமான் ஏற்றத்தான் வேண்டும். ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒழித்து முடித்த பிறகு வெளியே அனுப்புவது நல்லது.

ஒரே பெயர், இரண்டு குழந்தைகள்

இனிமேல்தான் ஆபத்தான இடம். ஒரே பெயருள்ள இரண்டு பைல்கள் ஒரு பெட்டியில் இருக்க முடியாது. தனித் தனிப் பெட்டியில் இருந்த வரையில் சண்டையில்லை. ஒரே கூடத்துக்கு அழைத்து வந்ததும் வம்பு.

இது அபூர்வமாக நேருவது என்று எண்ணாதீர்கள். 1998-ல் ஜப்பானில் டிஜிட்டல் காமிராக்களுக்காக ஒரு பொது விதி வகுத்தார்கள். அதன்படி போட்டோவின் பெயரில் முதலில் நான்கு எழுத்து. பிறகு 0001 முதல் 9999 வரை ஓர் எண். பத்தாயிரமாவது படத்துக்கு எண் கிடையாது. திரும்ப முதலிலிருந்து வரவேண்டும். காமிரா மாற்றினாலும் பெரும்பாலும் மறுபடி 0001 தான். ஆகவே மூத்தவளின் கல்யாணத்திலும் ஒரு 0042 இருக்கும். இளையவனின் உபநயனத்திலும் ஒரு 0042 இருக்கும்.

அப்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். முதல் வரி 'ரீப்ளேஸ்'. அதைத் தட்டினால் ஒரு 0042-ன் மேல் இன்னொரு 0042 உட்காரும். அடியில் இருந்தது போயிற்று. 'சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போகும் பழக்கத்தால் கல்யாணப் போட்டோவே மறைந்துவிடும். அதைத் தொடாமல், ஒப்பிட்டுப் பார்த்து நாமே முடிவு செய்யும் வரியைத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் படங்கள் தெரியும். இரண்டும் வேண்டுமானால் இரண்டு பக்கமும் குறியிடுங்கள். வந்த பைலின் பெயரோடு ஓர் எண் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும். நிஜமாகவே ஒரே படத்தின் இரண்டு நகல்தானா என்று பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதே தர்மம்.

பெயர் நீண்டால் வரும் பிடிவாதம்

சில பைல்களைத் தொட்டால், 'பெயர் மிக நீளம். நகர்த்த முடியாது' என்று கம்ப்யூட்டர் பிடிவாதம் பிடிக்கும். பைலின் பெயர் சின்னதாகத்தானே இருக்கிறது என்று திகைக்க வேண்டாம். அது எண்ணுவது பைலின் பெயரை மட்டும் அல்ல. மேலேயிருந்து கீழே வரையுள்ள எல்லாப் பெட்டிகளின் பெயரையும் சேர்த்து. விண்டோஸில் வெகு காலமாக இருந்து வரும் எல்லை 260 எழுத்து. 2016-ல் விண்டோஸ் 10-ல் இதைத் தளர்த்த ஒரு வழி வந்ததென்றாலும் அது தானாக அமலுக்கு வருவதில்லை.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் முட்டும். 'புகைப்படங்கள்' என்பதை நாம் எட்டு எழுத்து என்கிறோம். கம்ப்யூட்டரோ கொம்பையும் புள்ளியையும் தனித் தனியே எண்ணி, 13 என்கிறது! அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டாம். மேலேயுள்ள உறைகளின் பெயரைச் சுருக்குங்கள். 'பழைய கம்ப்யூட்டர் முழு பேக்கப்' என்பதை வெறும் 'ப' என்று மாற்றினால் அடியிலுள்ள பைல் சாதுவாக வெளியே வரும்.

தொடக் கூடாதவை

எல்லாப் பெட்டியும் வெறும் பெட்டி அல்ல. விண்டோஸின் சொந்தப் போல்டர்கள், ப்ரோகிராம்கள் இருக்கும் போல்டர்கள், கடைக் கணக்கு எழுதும் ப்ரோகிராமின் போல்டர் இவைகளிலிருந்து எதையும் பிடுங்கக் கூடாது. தையல் மிஷினைத் திறந்து திருகாணிகளைத் தனி டப்பாவில் போட்டால் மிஷின் ஓடுமா?

கூகுள் போட்டோஸிலிருந்து வந்த படங்களோடு அதே பெயரில் சின்னச் சின்ன எழுத்துப் பைல்கள் இருக்கும். 'ஜேசன்' என்று வால் இருக்கும். படத்தின் தேதியும் நாம் எழுதி வைத்த குறிப்பும் அதில் இருக்கக்கூடும். படங்களின் தேதி சரியாக இருக்கிறதென்று தெரியும் வரையில் அவைகளைக் குப்பை என்று தள்ளாதீர்கள்.

கடைசியில் காலிப் பெட்டி

எல்லாம் முடிந்ததும் காகிதத்தை எடுத்துக் கணக்கைச் சரிபாருங்கள். பழைய பெட்டியில் நாலைந்து பைல்கள் மிஞ்சியிருப்பதாக விண்டோஸ் சொல்லியும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். விண்டோஸ் தன் உபயோகத்துக்காக மறைத்து வைத்துக்கொள்ளும் பைல்கள் உண்டு. 'வியூ'வில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதைத் தட்டினால் அவற்றில் சில முகம் காட்டும். நம்முடையது எதுவும் இல்லையென்று தெளிந்த பிறகு காலி உறைகளை அழிக்கலாம். கம்ப்யூட்டரில் அழித்தது குப்பைக் கூடையில் சில நாளாவது கிடக்கும். பென் டிரைவில் அழித்தது அங்கும் போகாது, போனது போனதுதான். எந்தப் பக்கம் அழிக்கிறோம் என்று பார்த்து அழியுங்கள்.

இனிமேலாவது பெட்டி பெருகாமல் இருக்க வேண்டுமானால், வீட்டுக் காரியத்துக்கு இரண்டு அடுக்கு போதும்: 'குடும்பம்' என்று ஒன்று, அதற்குள் '2024 பழநி', '2025 வளைகாப்பு' என்று வருஷமும் விஷயமும் சேர்ந்த பெயர்கள். வருஷத்தை முன்னால் போட்டால் தானே வரிசையாக நிற்கும். முக்கியமாக வீட்டுப் பத்திரமும் இன்ஷூரன்ஸும் எந்தப் போல்டரில் இருக்கின்றன என்பது வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ஒருவர் மட்டும் அறிந்த ஒழுங்கு அவரோடு போய்விடுகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 'நியூ போல்டர் (7)' யார் வைத்த பெயர் என்று கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதற்குப் பிறகு நம் பரணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்.